வளைகாப்பு அல்வாவுக்கு மாடிக் கேரட்

காசிமேடு,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி நீலமேகம் அவர்களுக்கு,

ரகுபதி வணக்கத்தோடு எழுதுவது. நானும் பவுனம்மாளும் நலம். அங்கே தங்கள் குடும்பமும், மாசமாக இருக்கும் எங்கள் பெண் வினிதாவும் நலமென நம்புகிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், அவள் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

தீபாவளிக்கு முன்னால் யானைக்கவுனியில் தங்கள் காய்கறிக் கடைக்கு வந்தபோது, "கடல்ல புடிக்கிறவருக்கு மண்ணப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டீர்கள். என் வாய் சும்மா இருந்ததா? "வளைகாப்பு அல்வாவுக்கு எங்க மாடியில வெளைஞ்ச கேரட்டுதான், உங்க கடைச் சரக்கே வேணாம்" என்று சொல்லிவிட்டேன். நேற்று வினிதா போன் செய்து, "நைனா, இங்க எல்லாராண்டயும் சொல்லிட்டேன், என் மானத்த வாங்கிடாத" என்கிறாள். வளைகாப்போ வரும் ஞாயிற்றுக்கிழமை.

விதை போட்டதென்னவோ உண்மை. பழைய தெர்மாகோல் மீன் பெட்டிகளில் மண் நிரப்பி, உரத்துக்கு மீன் கழிவைப் புதைத்தேன், அந்த வாசத்துக்குக் காசிமேட்டுப் பூனைகள் அத்தனையும் மாடியேறிக் குடும்பம் நடத்த ஆரம்பித்தன, கீழ் வீட்டு கௌசர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "இன்னாண்ணே, கேரட் போட்டுக்கீறியா, கருவாடு போட்டுக்கீறியா?" என்று கேட்டாள், கிழிந்த வலையைப் போர்த்திப் பூனைகளைத் துரத்தி ஒருவழியாக முளை வந்ததும்தான் என் புத்தி வேலை செய்தது. காலமெல்லாம் விசைப்படகு ஓட்டினவன் நான். வலையத் தூக்கிப் பாக்காம மீன் வுழுந்துதா இல்லியான்னு எப்படித் தெரியும்? தினம் காலையில் ஒவ்வொரு செடியாக இழுத்துப் பார்ப்பேன், வேர் சின்னதாக இருந்தால் மறுபடி நட்டுவிடுவேன். பவுனம்மாள், "யோவ், அது கேரட்டுய்யா, வலை இல்ல, சும்மா வுடு" என்று தலைதலையாக அடித்துக்கொண்டாள். கேட்டுவிட்டால் நான் ரகுபதி இல்லையே. முக்கால்வாசி காய்ந்து போயிற்று, தேறியதெல்லாம் நெத்திலி சைஸ், அதிலும் ஒன்றுக்கு மூணு காலு. பேஜாராப் பூடுச்சி சம்பந்தி, வாயால கெட்டவன் நான்.

ஆகவே, யாருக்கும் தெரியாமல் ஐந்து கிலோ கேரட், இலையோடு, கொஞ்சம் மண் ஒட்டினதாகப் பார்த்து ஆட்டோவில் அனுப்பிவைக்கவும். மாடியில் பிடுங்கினது என்று பவுனம்மாளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

தாயும் வயிற்றுப் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிய அம்மன் துணையிருப்பாள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மண்ணைக் கவ்விய சம்பந்தி,
ரகுபதி

பி.கு.: கேரட் அனுப்ப வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் பவுனம்மாள் இதைப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால், கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே நாலைந்து பெட்டியில் கொத்தமல்லி போட்டிருப்பதாக என்னிடம் சொல்லி வைத்திருந்தாள், நானும் அந்தப் பக்கம் போனதில்லை. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள், அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கேரட். தூரத்திலிருந்து இலையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் என் பெட்டியில் எதுவும் அந்த உயரத்துக்கு வந்ததே இல்லை. "உன் பேரையே சொல்லிக்கோய்யா, நம்ம வினிதா கொயந்த ஆசப்பட்டுச்சில்ல" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீதியை நாளை அவளே பிடுங்குவாளாம். அதுவரை மாடிச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும்.