எண்பத்தேழு வீத ஆபத்து

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாவது மாடியில், றிஸ்க் சாமி எழுந்தருளியிருந்தார். லிஃப்ட் பழுது. அதனால் பக்தர் கூட்டம் படிக்கட்டில் நின்றது. கொட்டாஞ்சேனைப் பேக்கரிக்காரர், பாமன்கடைத் தையல்காரர், கொலன்னாவையில் கராஜ் வைத்திருப்பவர் என்று ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். படிக்கட்டின் கைப்பிடி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தபடிதான், தங்கள் கடைகளுக்கு ஆபத்து வராமலிருக்க வழி கேட்கக் காத்திருந்தார்கள்.

சாமிக்குக் காவி வேட்டி. தலையில் கட்டட வேலைக்காரர் போடும் மஞ்சள் ஹெல்மெட், ஹெல்மெட்டின் நடுவில் குங்குமப் பொட்டு. ஞானமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் அல்லவா?

இந்தக் கூத்தைத் தொடக்கிவைத்தது ஒரு காப்புறுதிக் கம்பனி. சின்னக் கடைக்காரர்களிடம் அது ஒரு கடுதாசி கேட்டது. உங்கள் வேலைத்தலத்தில் என்ன ஆபத்து இருக்கிறது, அதில் யாருக்கு அடிபடும், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்றே மூன்று கேள்விகள். கடையைச் சுற்றி ஒருமுறை நடந்தால் பதில் கிடைத்துவிடும். ஆனால் நடப்பதா? அதுவும் வெயிலில்? அதற்குத்தானே சாமி இருக்கிறார்!

சாமி கடைக்கு வருவார். நூலில் ஒரு தேசிக்காயை, எலுமிச்சம்பழத்தைத்தான், கட்டித் தொங்கவிடுவார். தேசிக்காய் சுழலும். "நூற்றுக்கு எண்பத்தேழு வீதம் ஆபத்து!" என்பார். கடைக்காரர் நெஞ்சில் கை வைப்பார். பிறகு செப்புத் தகடு, சிவப்புப் பட்டுக் கயிறு, ஒரு கட்டணம். "இப்போது பூச்சியம்!" என்று சொல்லிச் சான்றிதழ் கொடுப்பார். கம்பனி அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் நம்பிக்கையில்லாதவன் என்று பெயர் வந்துவிடுமே.

டோரினின் சலூனில் தோல் உரிந்த வயருக்கு எலுமிச்சை மாலை விழுந்தது. ஸாலிஹின் பேக்கரியில் கசிகிற கேஸ் குழாய்க்குப் பச்சைக் கயிறு. சாமிக்கு மத பேதமே கிடையாது. கயிற்றின் நிறத்தை மட்டும் மாற்றுவார்.

கொட்டாஞ்சேனையில் சந்திரகுமாரின் அச்சகத்துக்கு வந்தபோதுதான் சாமி தன் முழுத் திறமையையும் காட்டினார்.

அங்கே கடுதாசி வெட்டும் பழைய மெசின் ஒன்று உண்டு. முன்பக்கத்தில் இரண்டு பட்டன்கள், இடதில் ஒன்று, வலதில் ஒன்று. இரண்டையும் இரண்டு கைகளாலும் ஒன்றாக அமத்தினால்தான் கத்தி இறங்கும். மெசினைச் செய்தவன் முட்டாள் இல்லை. இரண்டு கைகளும் பட்டனில் இருந்தால், கத்திக்குக் கீழே வைப்பதற்கு மூன்றாவது கை எவருக்கும் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். அந்த மெசினில் ஆறு வருடமாக வேலை செய்பவள் ரதி. மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவள். அவளுடைய இரண்டு கைகளும் இன்னும் அவளிடமே இருந்தன.

சாமி மெசினைப் பார்த்தார். தேசிக்காய் சுழன்றது.

"இடப்பக்கத் தோஷம்! இடது கையாலேயா மெசினை இயக்குறீர்கள்? மங்கலமான கலியாணக் கார்ட்டை இடது கை பட்டா வெட்டுறது?"

"ஐயோ சாமி, எங்களுக்கு உது தெரியாமப் போச்சே" என்று சந்திரகுமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாமி இடது பட்டனின் மேல் செப்புத் தகட்டை வைத்து, அழுத்தி, பட்டுக் கயிற்றால் பத்துச் சுற்று இறுக்கிக் கட்டினார். அன்றிலிருந்து இடது பட்டன் எந்நேரமும் அமந்தே கிடந்தது. வலது கை ஒன்று போதும், கத்தி இறங்கியது. வேலையில்லாத இடது கை கடுதாசியைத் தள்ளிக் கொடுக்க, வேலை இரண்டு மடங்கு வேகமாக நடந்தது.

"பாத்தியே ரதி? காப்புக் கட்டினதும் மெசினுக்கே உசிர் வந்திட்டுது!" என்றார் முதலாளி. உயிர் வந்தது உண்மைதான். அது யாருடைய விரலிலிருந்து போகப்போகிறது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

மூன்றாவது கிழமை, வியாழக்கிழமை, ரதியின் இடது நடுவிரல் நகத்தின் நுனியைக் கத்தி சீவிக்கொண்டு போனது. சதையில் படவில்லை. அவள் மெசினை நிறுத்திவிட்டு முதலாளியிடம் போனாள்.

"முதலாளி, அந்தக் கயித்தை அவுத்துடுங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

"விசர்க்கதை கதைக்காதை. காப்பு இருந்தபடியால்தான் நகத்தோட போச்சு. இல்லாட்டி விரலெல்லோ போயிருக்கும்!"

"ஆறு வருஷமா காப்பு இல்லைங்க. நகம்கூடப் போனதில்லீங்களே."

இந்தக் கணக்கு சந்திரகுமாருக்குப் புரியவில்லை. புரிந்தால் கலியாணக் கார்ட் வேலை மெதுவாகிவிடும். "அவிட்டாத் தோஷம். நீ அவிட்டியெண்டா நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை" என்றுவிட்டார். ரதிக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. வேலை போனால் வாடகை இல்லை. விரல் போனால் வேலையே இல்லை.

அடுத்த கிழமை ஒரு பெரிய ஓடர் வந்தது. றிஸ்க் சாமியின் சான்றிதழ்கள், ஆயிரம் பிரதி. பக்தர்கள் பெருகிவிட்டதால் பழைய இருப்பு முடிந்துவிட்டதாம். சந்திரகுமார் பக்தியோடு அச்சடித்தார். அச்சடிப்பவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், ஓரத்தைப் பார்ப்பார்கள். எழுத்தைப் படிப்பது அவர்களுடைய வேலை இல்லை. தன் அச்சகத்துக்குக் கிடைத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்த மனிதர், அதே சான்றிதழை ஆயிரம் தடவை அடித்தும் ஒன்றையும் கவனிக்கவில்லை.

வெட்டுவதற்கு அடுக்கியபோது ரதி படித்தாள். பிறகு வெட்டினாள், இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை காலை சாமி சான்றிதழ்களை எடுக்க நேரில் வந்தார். சாமி வருகிறார் என்றதும் தெருவே அச்சகத்துக்குள் நுழைந்துவிட்டது. ஸாலிஹ் மாவு படிந்த கையோடு வந்தார், டோரின் அரைவாசி தலை வெட்டிய வாடிக்கையாளரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். சாமி வெட்டும் மெசினுக்கு மேலே தேசிக்காயைப் பிடித்தார்.

"ஒரு மாசத்தில் ஆபத்து திரும்ப ஏறும். புதுப்பிக்க வேண்டும். இதோ... இதோ... எண்பத்தேழு!"

"ஓம் சாமி!" என்றது கூட்டம்.

ரதி சான்றிதழ்க் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். "சாமி, தேசிக்கா இப்பதான் சொல்லிச்சுங்க. இங்க முன்கூட்டியே அடிச்சிருக்கே?"

உண்மைதான். பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே, பேனையால் எழுதியது போன்ற நீல எழுத்தில், எண்பத்தேழு என்று அழகாக அச்சாகியிருந்தது. தோஷம்: இடப்பக்கம். பரிகாரத்துக்குப் பின்: பூச்சியம். ஆயிரம் பிரதியிலும் அதே எண்பத்தேழு. இன்னும் வராத ஆயிரம் கடைகளுக்கு இப்போதே கணித்து வைத்திருக்கிறார் மகான்!

ஸாலிஹ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அட, எனக்கும் எண்பத்தேழுதானே போட்டீக்கி! கையால எழுதினெண்டு சென்னாரே!"

"என்ட சலூனுக்கும் அதேதான்" என்றாள் டோரின். "சலூனும் பேக்கரியும் ஒண்டா?"

சாமி அசரவில்லை. "பிள்ளைகளே, இது கலியுகம். கலியுகத்தில் ஆபத்து எல்லாருக்கும் சமம். எண்ணா முக்கியம்? காப்பு அல்லவா முக்கியம்!"

கூட்டத்தில் பாதி தலையாட்டியது. ஆட்டிப் பழகிய தலைகள் உடனே நின்றுவிடுமா? சந்திரகுமார் எல்லோரையும்விட வேகமாக ஆட்டினார்.

"அப்ப காப்பையே பாத்துடலாங்க" என்றாள் ரதி. தன் மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கத்திக்குக் கீழே வைத்தாள். வலது பட்டனை அமத்தினாள். சத். வாழைப்பழம் தோலோடு இரண்டாகிவிட்டது. முன்னால் விழுந்த துண்டு சரியாக ஒரு விரல் நீளம் இருந்தது.

"வாழைப்பழத்துக்கு நட்சத்திரம் இல்லை மகளே. நட்சத்திரம் இல்லாததைக் காப்பு காக்காது."

"சரிங்க சாமி. உங்களுக்கு நட்சத்திரம் இருக்குங்களே. இடது கையை இங்க வைங்க. நான் பட்டனைத் தொடவே மாட்டேன். இந்தா, தள்ளியே நிக்கிறேன். நான் ஒரு மாசமா வைச்ச இடத்தில, நீங்க ஒரு நிமிஷம் வைங்க."

எல்லோருடைய கண்களும் சாமியின் இடது கையில் இருந்தன. அந்தக் கை மெதுவாக இடுப்புக்குப் போனது. இடுப்பிலிருந்து முதுகுக்குப் போனது. முதுகுக்குப் பின்னால் போய்க் காவி வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு... களுபோவிலயில ஒரு பூசை இருக்கு" என்றார் சாமி.

அடித்த கடுதாசியைச் சந்திரகுமார் நம்பவில்லை. வெட்டுப்பட்ட வாழைப்பழத்தையும் நம்பவில்லை. ஆனால் பின்னால் போன அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ரதியின் கையைப் பார்த்தார், நகத்தின் நுனி போன நடுவிரலைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறிவிட்டது.

"சாமி, கையை வையுங்கோ."

"சந்திரகுமார், நீங்களுமா?"

"வையுங்கோ எண்டுறன்! இந்தப் பிள்ளையின்ர கையை ஒரு மாசம் வைக்கச் சொன்னனான் நான். உங்கட கைக்கு என்ன வந்தது?"

சாமி வாசலைப் பார்த்து நடந்தார். ஆட்டோவில் ஏறியபோதுதான் அவருடைய இடது கை முன்னால் வந்தது, கதவுக் கம்பியைப் பிடிக்க. ஆயிரம் சான்றிதழ்களும் அச்சகத்திலேயே கிடந்தன. டோரின் சலூனுக்கு ஓடி மெயின் சுவிட்சை நிறுத்தினாள். சந்திரகுமார் கத்தரிக்கோலை எடுத்துப் பட்டுக் கயிற்றை அறுத்தார். செப்புத் தகடு விழுந்தது. இடது பட்டன் டக்கென்று மேலே எழும்பியது. ரதி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியதை அவள் மறைக்கவில்லை.

"மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றார் சந்திரகுமார்.

"வேலை மெதுவாத்தான் போகுங்க."

"போகட்டும்."

பேக்கரிக்குத் திரும்புமுன் ஸாலிஹ் அவளருகே வந்தார். "தங்கச்சி, எங்கட பேக்கரிக்கும் ஒருக்கா வந்து பாருங்களே. எங்க ஆபத்து ஈக்கிண்டு நீங்க சென்னா நல்லம்."

"நான் எதுக்குங்க? உங்க அடுப்படியில நாலு பேரு வேலை செய்றாங்களே. அவங்களைக் கேளுங்க."

ஸாலிஹ் யோசித்தார். பதினோரு வருடமாகப் பேக்கரி நடத்துகிறார். நாலு பேரிடமும் இதுவரை நேரம் கேட்டிருக்கிறார், தீப்பெட்டி கேட்டிருக்கிறார், ஏன் பிந்தி வந்தாய் என்றும் கேட்டிருக்கிறார். இதை மட்டும் கேட்டதில்லை.

அன்று போய்க் கேட்டார். சாமி பச்சைக் கயிறு கட்டிய கேஸ் குழாய் கசிகிறது என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு மாதமாக அவர்களுக்குத் தெரியுமாம். தேசிக்காயின் பேச்சைக் கேட்க மூன்று மாடி ஏறும் முதலாளிமாரே, உங்கள் கடையில் மனிதர் வாய்திறந்து பேசினால் கேட்பதற்கு எத்தனை மாடி ஏற வேண்டும்?