வறுவல் வண்டியும் ஒரு வாக்கும்

வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது மனைவியை ஏமாற்றியே தீருவது என்று தௌவெ ஹூக்ஸ்ட்ரா முடிவு கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை ஏழு மணிக்கு நகர்மன்றத்தில் வாக்கெடுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து இருநூற்றைம்பது மீட்டருக்குள் வறுவல் கடை, மிட்டாய்க் கடை எதுவும் இருக்கக் கூடாது. பள்ளி விடும் நேரத்தில் அந்தத் தெருவில் கார் வரக் கூடாது. கார் நிறுத்தும் இடத்தில் பிள்ளைகள் ஓடியாட ஒரு திடலும் குடிதண்ணீர்க் குழாயும் வர வேண்டும். இதுதான் தீர்மானம்.

பதினைந்து உறுப்பினர்களில் ஏழு பேர் சரி என்றார்கள், ஏழு பேர் கூடாது என்றார்கள். பதினைந்தாவது ஆள் தௌவெ.

தீர்மானத்தை எழுதிக் கொடுத்து, ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கியவள் அவன் மனைவி சிட்ஸ்கே. குழந்தைகள் நல நிலையத்தில் நர்ஸ். அந்தத் தீர்மானத்தால் இடத்தைவிட்டு ஓட வேண்டியது தௌவெயின் சிநேகிதன் கோசெயின் உருளைக்கிழங்கு வறுவல் வண்டி. பள்ளி வாசலுக்கு நேர் எதிரே நிற்பது அது. தினமும் மகள் நின்கேயைக் கூப்பிடப் போகிற சாக்கில் தௌவெ அதன் பின்பக்கம் நின்று, மயோனைஸ் வழிய வழிய, ஒரு பெரிய பொட்டலத்தைக் காலி செய்வான். அம்மாவிடம் சொல்லாமலிருக்க நின்கேக்கும் ஒரு பொட்டலம் உண்டு.

"நான் இருக்கிறவரைக்கும் உன் வண்டிய ஒருத்தன் அசைக்க முடியாதுடா" என்று கோசெக்கு வாக்குக் கொடுத்திருந்தான். எதிர்த்து வாக்களித்தால் வீட்டில் வறுபடுவது தானே என்பதும் தெரியும். அதனால் ஒரு திட்டம். கூட்டத்துக்கே போகாமலிருந்தால் ஏழுக்கு ஏழு. தீர்மானம் கிடப்பில் போய்விடும். பழியும் வராது.

காலையிலேயே காரைப் பழுது பார்க்க அனுப்பிவிட்டான். ஆறேகால் மணிக்குக் கொட்டகைக்குள் போய், தன் சைக்கிள் டயரில் ஒரு ஆணியை அழுத்தினான். உஸ்ஸ்ஸ் என்றது. காதுக்கு அவ்வளவு இனிமை!

"ஐயையோ சிட்ஸ்கே! சைக்கிள்ல காத்து போச்சு!"

"ரெண்டு டயர்லயுமா?"

"பின்னாடி மட்டும்."

"முன்னாடியும் குத்தியிருக்கலாமே, ஏன் விட்டீங்க?"

"என்ன சொல்ற நீ?"

"ஒண்ணுமில்ல. கோட்டப் போடுங்க."

"நடந்து போனா நேரத்துக்குப் போக முடியாதே! அவ்ளோ முக்கியமான தீர்மானம். எனக்கு மனசே ஆறல."

"ஆறும், ஆறும். என் வண்டியில ஏறுங்க."

அவள் வண்டி என்பது முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த சைக்கிள். பிள்ளைகளையும் காய்கறியையும் ஏற்றுவது.

"நான் ஓட்டறேன், நீ உக்காரு."

"நீங்க ஓட்டினா வழியில பாலத்துல மோதும், செயின் கழலும், தலை சுத்தும். ஏறுங்க."

"நகர்மன்ற உறுப்பினர்டி நான்! ஊரே பாக்குமே!"

"பாக்கட்டும். பொறுப்பான உறுப்பினர்னு பாராட்டும்."

முழங்கால் மோவாயில் இடிக்க, கழுத்துப்பட்டை காற்றில் பறக்க, தௌவெ பெட்டிக்குள் உட்கார்ந்து ஊர்வலம் போனான். கால்வாயோரம் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் குழாயை அப்படியே தன் செருப்பில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன தௌவெ, பள்ளிக்கூடத்துல சேக்கறாங்களா?"

"பாத்தியா சிட்ஸ்கே? அந்தாளுக்கு எவ்ளோ கொழுப்பு!"

"அவருக்கு வாயில மட்டுந்தான். உங்களத் தள்ளி மிதிக்கிறது நானு, எங்க எவ்ளோன்னு எனக்குத் தெரியும்."

பள்ளித் தெருவுக்கு வந்ததும் அவள் குரல் இறங்கியது. "இங்க பாருங்க. கதவு தொறந்தா நேரா எண்ணெ வாசனை. இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் கார். ஓடறதுக்கு எடமில்ல, குடிக்கத் தண்ணியில்ல. புள்ளைங்களக் கொறை சொல்லி என்ன பண்ண? நம்ம நின்கே இப்பல்லாம் ஃபுட்பாலுக்குக் கூப்பிட்டாலே வயித்து வலிங்கறா. மூச்சு வாங்குதுன்னு சொல்ல வெக்கம்."

தௌவெக்கு இரண்டு பொட்டலங்கள் கண்முன் வந்து நின்றன.

மன்றத்தில் பார்வையாளர் வரிசையில் சிட்ஸ்கே உட்கார்ந்தாள். அவள் பக்கத்திலேயே கோசெ.

"ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம்" என்றார் மேயர்.

ஏழு கைகள் உயர்ந்தன. தௌவெ கோசெயைப் பார்த்தான். மகளை நினைத்தான். திரும்பிப் போகவும் அதே பெட்டிதான் என்பதையும் நினைத்தான். கை தானாக மேலே போனது. தீர்மானம் நிறைவேறியது. முதலில் கை தட்டியவன் கோசெ! கோபத்தில் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே தௌவெ நினைத்தான்.

மூன்று வாரம் தௌவெ கோசெயின் முகத்தில் விழிக்கவில்லை. நாலாவது வாரம் தாங்கவில்லை. சிட்ஸ்கே வேலைக்குப் போன சனிக்கிழமை, ஒட்டுப் போட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு படகுத் துறைக்குப் போனான். கோசெயின் வண்டி இப்போது அங்கேதான் நின்றது. பாய்மரப் படகுக்காரர்கள் வரிசை கட்டியிருந்தார்கள்.

"மன்னிச்சுருடா கோசெ. வாக்கு தவறிட்டேன்."

"எதுக்கு அண்ணே மன்னிப்பு? இங்க வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே அண்ணி இந்த எடத்தப் பேசி முடிச்சுட்டாங்களே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடா!"

"அவங்கதான் சொல்லாதன்னாங்க. சொன்னா நீங்க அத ஆராய ஒரு குழு போடுவீங்களாம்." கோசெ ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினான். "சனிக்கிழமை வருவீங்க, சின்னதாக் குடுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

தௌவெ அதைத் தின்று முடித்தான். உப்பு விரலை நக்கிக்கொண்டு, ஒரு வீறாப்போடு சொன்னான்: "என்னவோ போ. அவ எடம் பாத்தது எனக்குத்தான் சௌகரியம். ஆறு கிலோமீட்டர் வந்ததே தெரியல. காத்து முதுகுல கை வச்சுத் தள்ளிக்கிட்டே வந்துச்சு."

"வர்றப்ப தள்ளும்ணே. சாப்பிட்டுட்டுப் போறப்பதான எதிர்க்காத்து" என்றான் கோசெ. "அண்ணி காத்தடிக்கிற திசையப் பாத்துத்தான் எடமே குறிச்சாங்க."