மெஷினுக்கு வைத்த பொட்டு

வாஷிங் மெஷினை அழுக்குத் துணி ஒன்றும் செய்துவிடாது. அதைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன் பேர்வழி என்று கிளம்புகிற ஆளிடம்தான் அது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எண்பதுகளில், திருவண்ணாமலையில், எங்கள் வீட்டு மெஷினுக்கு அப்படி வாய்த்த ஆள் நான்.

சவூதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனின் தயவில் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கியது அந்த மெஷின். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்கக்கூடியவன் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருவன்தான். (பி.எஸ்ஸி., இரண்டாம் வகுப்பு. அப்பாவின் கணக்கில் கலெக்டருக்கு ஒரு படி கீழே.) விடுவேனா? பஞ்சு பிடிக்கும் வலையை வாராவாரம் அலசினேன். நம்மூர் உப்புத் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைத் திட்டுகளை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். அம்மாவைக்கூடக் கிட்டே விடுவதில்லை.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு மறுநாள் சாயங்காலம், கீழ்பென்னாத்தூரிலிருந்து எனக்குப் பார்த்த பெண்ணின் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நானோ பூஜைக்காக மெஷினை அக்கு அக்காகக் கழற்றிக்கொண்டிருந்தேன். அடியில் சுழலும் தட்டை எடுத்து, சிக்கியிருந்த நூலையும் முடியையும் பிடுங்கித் துடைத்தேன். அப்போதுதான் மூளை வேலை செய்தது. கடப்பாரைக்கு முனையில்தானே பொட்டு வைக்கிறோம்? அரிவாளுக்கு அலகில்தானே? மெஷினுக்கு மட்டும் மூடியில் வைத்தால் சாமி ஒப்புக்கொள்ளுமா? தட்டுக்கு அடியில் சந்தனம் பூசி, குங்குமத்தைத் தாராளமாக அப்பி, தட்டைத் திரும்ப முடுக்கினேன்.

மறுநாள் காலை அம்மா, மூடியில் தன் பங்குக்கு வைத்திருந்த பொட்டைத் துடைத்தாள். உள்ளே இருந்தது எனக்கே மறந்துவிட்டது. வெள்ளைத் துணியைத் தனியாகப் போட வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்ததால், வீட்டிலிருந்த வெள்ளை வேட்டி, சட்டை அத்தனையையும் ஒன்றாகப் போட்டேன்.

அப்பா ஈர வேட்டியைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாடா இது? பஞ்சு மிட்டாய் மாதிரி கீது!"

"இன்னொரு தபா அலசினா போயிடும்பா" என்றேன், குரலில் நடுக்கமே இல்லாமல்.

அலசினேன். அங்கங்கே வெள்ளையாக மிஞ்சியிருந்த இடத்துக்கும் ரோஸ் பரவியது.

வீட்டில் மிச்சமிருந்தது லுங்கிதான். வேறு வழியில்லாமல் சாயங்காலம் அப்பா, சித்தப்பா, நான் மூவரும் ரோஸ் வேட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அப்பா எங்களை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எதுனா வேண்டுதலுங்களா?"

ஆமாம் என்று தலையாட்ட அம்மா தயாரானாள். அதற்குள் அப்பா (பொய் அவருக்கு வராது) வாயைத் திறந்துவிட்டார்.

"இல்லீங்க. எம் புள்ள தொவச்சது."

"மாப்பிள்ளையா? துணியெல்லாம் தொவைப்பாரா?"

"வூட்டுத் துணி மொத்தமும் அவன்தாங்க. யாரையும் கிட்ட வுட மாட்டான்."

பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். வேறு எதுவும் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

"மூணாவதும் பூட்ச்சு" என்றார் சித்தப்பா. அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

ஆனால் அந்த வாரமே சம்மதம் என்று ஆள் வந்தது! காரணத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் மனைவி சொன்னாள்.

"எங்கப்பா தயங்கித் தயங்கி, 'படிச்ச புள்ளதான், ஆனா துணி தொவைக்கிறான்மா'ன்னாரு. அதுக்கு மேல நான் ஒண்ணுமே கேக்கல."

அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் துவைப்பது நான்தான். கீழ்பென்னாத்தூரில் என் பெயரே தொவைக்கிற மாப்பிள்ளை. தீபாவளிக்கு அங்கே போய்ச் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன். மச்சினிச்சி பக்கெட்டோடு வந்து நிற்பாள்.

"வாங்க மாமா. எங்களுது கொஞ்சம் ஊறிக்கினு கீது."