ஈயச் சொம்புக்கு வைத்த பரீட்சை

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த பெண்ணை மருமகளாக்கிக்கொள்ளும் வீட்டில், கொஞ்ச நாளைக்குப் பாத்திரங்களைப் பூட்டி வைப்பது நல்லது. மேற்குத் தாம்பரத்தில் என் மாமியாருக்கு இதை யாரும் சொல்லவில்லை, பாவம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாத்தனார் வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சீரில் வைக்க அத்தை பல்லாவரம் சந்தையிலிருந்து ஓர் ஈயச் சொம்பு வாங்கிவந்தார். ஈயம் புளிக்கு மசியாது, துருவும் பிடிக்காது. அதில் வைக்கும் ரசத்துக்குத் தனி ருசி. வசந்தாவின் வருங்கால மாமியார் வாய்விட்டுக் கேட்டிருந்த ஒரே பொருள் அதுதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். (இருந்திருந்தால் இதை ஏன் எழுதப்போகிறேன்?)

"அத்தை, இப்பல்லாம் காரீயம் கலந்து ஏமாத்திடறாங்க. அது விஷம். சுத்தமான வெள்ளீயம்னா வளைக்கும்போது கிரீச்சுனு அழும். டெஸ்ட் பண்ணிடலாமா?"

"ஈயம் அழுமா?" என்றார் அத்தை. "சரி, படிச்ச பொண்ணு சொல்ற. பாரு."

சொம்பின் வாயைக் காதோரம் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினேன். கிரீச். அருமையான சத்தம். கலப்படமே இல்லை. வட்டமாக இருந்த வாய் மட்டும் மாங்கொட்டை வடிவத்துக்கு வந்திருந்தது.

"நல்ல ஈயம்தான் அத்தை," என்றேன். அத்தை சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விட்டேனா? லேசாகச் சூடு காட்டினால் இளகும், நிமிர்த்திவிடலாம் என்று காலிச் சொம்பை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்தேன். வெள்ளீயம் இருநூற்று முப்பத்திரண்டு டிகிரியில் உருகும் என்பது எனக்குத் தெரியும், ஸ்டவ்வுக்குத் தெரியாது. பிடிதுணி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் சொம்புக்கு அடிப்பாகம் இல்லை. பர்னர் மேல் வெள்ளிக் குழம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, என் சொம்பு..." என்றாள் வசந்தா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த என் ஈயச் சொம்பை ஓடிப்போய் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.

அத்தை ஸ்டவ்வை அணைத்தார். என் சொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்ல ஈயமானு யாரும் பாக்க வேணாம்," என்றார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து அந்த மனுஷியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பல வருடம் கழித்து என் மகளுக்கு வரன் வந்தது. பையன் எப்படி, ஆபீசில் என்ன பெயர், அக்கம்பக்கத்தில் என்ன பேச்சு என்று நான் துருவிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"விசாரிம்மா, வேணாங்கல. வளைச்சுப் பாக்காதே."

மகளின் கல்யாணத்தன்று வசந்தா முழுக் கதையையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். அவர் இன்றும் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருகிறார்.