துரைக்குக் கொடுத்த பருத்திக்காட்டு வாழ்த்து

உலகத்தில் ஒட்ட முடியாத பொருள் என்று எதுவும் கிடையாது என்பதில் எங்கள் பசைக்காரருக்கு இருந்த நம்பிக்கை, பூசாரிக்குச் சாமி மேல்கூட இருந்திருக்காது. அருப்புக்கோட்டையில் நான் குமாஸ்தாவாக இருந்த நெசவாளர் சங்கத்தில், சேலைக் கட்டுகளுக்கு லேபிள் ஒட்டுவது அவர் வேலை; வீட்டில் ஒரு தறியும் வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். புளியங்கொட்டையை அரைத்துப் பசையை அவரே காய்ச்சுவார். கோபம் வந்தால் வீட்டுப் பாஷையான கன்னடத்தில் திட்டுவார், சமாதானமானால் தமிழுக்கு வருவார். பாலவனத்தத்துத் தரகர் ஒருவருக்கு உடைந்த பொய்ப்பல் செட்டை ஒட்டிக்கொடுத்தார். தரகர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சங்கமே நிம்மதியாக இருந்தது.

அது யுத்த காலம். நூலுக்குக் கட்டுப்பாடு வந்து எங்கள் தெருக்களில் தறிகள் நின்றுபோயிருந்தன. தறியில் உட்கார்ந்த மனிதர்கள் மல்லாங்கிணறு ரோட்டில் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். யாருக்கு எவ்வளவு நூல் என்று தீர்மானிக்கிற வெள்ளைக்கார அதிகாரி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் வருவதாகத் தகவல் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் தெரு பிழைக்கும். போடாவிட்டால் தை பிறக்கும்போது பொங்கல் வைக்க அரிசி இருக்காது.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கி வாங்கித் தொரைக்குச் சலிச்சிருக்கும்யா. அவுக பண்டிகைக்கு அவுக வழக்கப்படி ஒரு வாழ்த்து அட்டை குடுப்போம். கப்பல் வராம மதுரைக் கடையிலயே அட்டை இல்லையாம். நம்ம பசைக்காரன விட்டு ஒண்ணு செய்யச் சொல்லு. சொதப்புனான்னா நீதான் பதில் சொல்லணும்."

மாதிரிக்கு ஒரு பழைய சீமை அட்டையும் கொடுத்தார். அதில் ஒரு வீடு, நாலைந்து மரங்கள். கூரை, மரம், தரை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பசைக்காரர் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இம்புட்டு ஒசரமாவா பருத்திச் செடி வளருது! வெள்ளைக்காரன் மண்ணு மண்ணுதான்."

"அண்ணே, அது பருத்தி இல்ல. ஐஸு. வானத்துல இருந்து விழுமாம்."

"சோடாக்கடையில மரத்தூளுக்குள்ள பொதைச்சு வைக்கிறானே, அந்த ஐஸா? அது விழுந்தா கூரை நிக்குமாலே? போ, போயி வேலையப் பாரு."

நானும் ஐஸ் விழுந்து பார்த்தவன் இல்லை. அதனால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

மூன்று நாள் அவர் யாரையும் அண்ட விடவில்லை. நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் கன்னடம்தான் கேட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் காட்டினார். நூல் கட்டைச் சுற்றி வரும் நீலத்தாள் வானமாகியிருந்தது. பனையோலைச் சுவர், பச்சைச் சாயநூலில் இலை, சிகரெட் பெட்டி ஈயத்தாளில் ஓடை. கூரையிலும் மரத்திலும் நிஜப் பருத்தி, கொட்டையோடு. அதோடு விட்டாரா? சேலைத் துண்டுகளை வெட்டி, மடியில் பருத்தி கட்டிய ஆறு பெண்களை மரத்தடியில் நிறுத்தியிருந்தார்.

"இவுக யாருண்ணே?"

"நம்மூர்ப் பொம்பளைகதான். பாவம், வெள்ளாமைய எடுக்க ஆளில்லாமப் போட்டு வச்சிருக்காக. அதான் அனுப்புனேன்."

பிரிக்கலாம் என்றால் அவர் பசையைப் பிரிக்க எமனாலும் முடியாது. ஆனால் அந்தப் பசைக்கும் அன்று சோதனை வந்தது. ராத்திரி பிடித்த மார்கழித் தூறலில் அட்டை காயவே இல்லை. விடிந்து பார்த்தால் ஆறு பெண்களும் வழுக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

காரியாபட்டியைத் துரையின் கார் தாண்டிவிட்டதாக ஆள் வந்து சொன்னான். செயலாளர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பசைக்காரர் பெண்களை இழுத்து மறுபடி மரத்தடியில் நிறுத்திவிட்டு, இஸ்திரிப் பெட்டியில் கங்கு போட்டு அட்டைக்கு மேலே பிடித்தார். ஒரு பொறி தெறித்தது. கூரைப் பருத்தி குப்பென்று பிடித்தது. நான் அலறினேன். அவர் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கூரையில் கருகல், அவர் கையில் கொப்புளம், வாசலில் கார் ஹாரன், மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன.

துரை அட்டையை வாங்கினார். சிரிக்கவில்லை. கருகிய கூரையைத் தடவினார். அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் பசைக்காரரிடம் கேட்டேன்.

"பருத்தி எடுக்குறாக. எங்கூர்லயும் பருத்தி இருக்கு, நெய்யக் கையும் இருக்கு. நடுவுல நூலுதான் இல்லன்னு தொரைகிட்டச் சொல்லு."

செயலாளர் முகம் வெளுத்துவிட்டது. சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஆனாலும் பக்கத்தில் கொப்புளம் கட்டிய கையோடு நிற்கிற மனிதரைப் பார்த்தபின் வார்த்தையை விழுங்க மனம் வரவில்லை. ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டேன்.

துரை எழுந்து, ஏதாவது ஒரு தறியைக் காட்டு என்றார். அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போனோம். நெசவாளி கால் வைத்து மிதிக்க வேண்டிய தறிக்குழியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழி துரையை முறைத்தது. துரை கையிலிருந்த அட்டையை இன்னொரு தடவை பார்த்தார். அங்கேயே நின்று, செயலாளரின் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் நூல் லோடு வந்தது. பெயர் வாசித்து, தறி வைத்திருப்பவர்களுக்கு நூல் கட்டுகளைக் கொடுத்தோம். எல்லாப் பெயரும் முடிந்தது. பசைக்காரர் பெயர் வரவில்லை. விடுபட்டுவிட்டது என்று நினைத்துப் பதறிப்போய், "அண்ணே, ஒங்க கட்டு?" என்றேன்.

"எனக்கு ஏதுப்பா தறி? ஐப்பசியிலயே வித்துத் தின்னாச்சு" என்றார், மழை விட்டுவிட்டது என்று சொல்வதுபோல.

சொல்லிவிட்டுக் கொப்புளம் ஆறாத கையோடு, கோழி அடைகாத்த வீட்டுக்கான நூல் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அன்று எழுத்து வேலை மலையாகக் கிடந்தது. கிடக்கட்டும் என்று நானும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.