உட்காராத சம்பந்தி

மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற வருகிறார்கள். சேனாதிபதிக்கு உட்கார இன்னும் இருபத்து நாலு நாள் பாக்கி.

"தட்டு மாத்துற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார முடியாதாங்க?" என்று கேட்டாள் மனைவி கண்மணி.

"தையல் போட்டது பல்லுல இல்ல," என்றார் சேனாதிபதி, குப்புறப் படுத்தபடியே தலையணையிடம்.

விஷயம் இதுதான். கொடைக்கானல் மலையில் கவுஞ்சி என்ற ஊரில் பூண்டு போடும் சேனாதிபதி, போன வருஷம் வரை பெருத்த உடம்புக்காரர். பூண்டு நிறுக்கிற தராசில் ஒரு நாள் ஏறி நின்று பார்த்தார், பதினோரு மணங்கு, கிலோவில் நூற்றிருபதுக்கு மேல். சர்க்கரை வியாதி என்று டாக்டர் மிரட்டியதில் கேப்பைக் களியும் கீரையுமாக வயிற்றைக் கட்டி, ஒரே வருஷத்தில் ஏழு மணங்குக்கு வந்துவிட்டார். சதை போய்விட்டது. தோல் மட்டும் போகாமல் பழைய அளவிலேயே தங்கிவிட்டது. தொடையிலும் பின்பக்கத்திலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கி, நடந்தால் உரசி, உரசினால் புண்ணாகி, படிப்படியாய்க் கெடக்கிற பூண்டுக் காட்டில் மனுஷன் நாலு படி ஏற முடியவில்லை. காட்டுக்குப் போக முடியாத சம்சாரி வீட்டில் இருந்து என்ன பண்ணுவான்?

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே வந்திருந்த வெள்ளைக்கார டாக்டர் அவரைத் திருப்பிப் போட்டு, துணிக்கடைக்காரர் மாதிரி இழுத்துப் பார்த்தார்.

"மிச்சத் தோலை வெட்டி எடுத்து, மேலே தூக்கித் தைத்துவிடுவேன்," என்றார் பாதிரியார் தமிழில். "ஆனால் கேளும். ஆறு வாரம் உட்காரக் கூடாது. குத்தவைக்கவே கூடாது. மல்லாந்து படுக்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. வீக்கம் மூன்று மாதம் இருக்கும். தழும்பு சாகும்வரை இருக்கும்."

"தழும்பை யாருங்க பாக்கப் போறா?" என்றார் சேனாதிபதி. அவர் தைரியமாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். ஊருக்குத் திரும்பியது லாரியில், காலிச் சாக்குகளின் மேல் குப்புற. காலைக்கடனை எப்படி முடித்தார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு கடிதம் காத்துக் கிடந்தது. பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் கந்தவேல் என்பவர், தம் மகனுக்குச் சேனாதிபதியின் மகள் வடிவைக் கேட்டு எழுதியிருந்தார்.

வடிவுக்கு இருபத்து மூணு வயசு. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போயிருந்தது. ரெண்டும் ஒரே காரணம்தான். "அப்பனுக்குச் சர்க்கரையாமே, பரம்பரைச் சீக்கா இருந்துட்டா?" சர்க்கரைக்கே இப்படி என்றால், அறுத்துத் தைத்த உடம்பு என்று தெரிந்தால் விடுவார்களா? அதுவும் எந்த இடத்தில் அறுத்தது என்று தெரிந்தால்?

"வெளிய மூச்சு விடக் கூடாது," என்று கண்மணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பக்கத்துக் காட்டுத் திருமலைச்சாமி வந்துவிட்டார்.

"ஏலே சேனாதி, பன்னெண்டு நாளா ஆளையே காணோம்?"

"பழனிக்குப் போயிருந்தேன்."

"சரி, உட்காந்து பேசு. எதுக்கு வெறைச்சுப் போய் நிக்கிற?"

சேனாதிபதி கொஞ்சம் யோசித்தார். கொஞ்சம்தான் யோசித்தார், அதுதான் வினையாகப் போயிற்று.

"நேந்துக்கிட்டேன். மக கல்யாணம் கூடி வர்ற வரைக்கும் உட்கார மாட்டேன்னு முருகன்கிட்டச் சொல்லிட்டேன்."

திருமலைச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுநாள் வெள்ளனே பார்த்தால் வாசலில் பத்துப் பேர். ஒருத்தி காலில் விழுந்தாள். சேனாதிபதியால் குனிந்து தூக்கிவிட முடியவில்லை. அவளும் தூக்கிவிடுவார் என்று எதிர்பார்த்து வெகு நேரம் அப்படியே கிடந்தாள். படுப்பதற்காக அவர் உள்ளறைக்குள் போனால், "சாமி தியானத்துல இருக்காரு" என்று வாசலில் சொல்லிக்கொண்டார்கள். குப்புறப் படுத்துத் தியானம் பண்ணுகிற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜீப்பில் வந்தவர்கள் மூணு பேர்: கந்தவேல், அவருடைய சித்தப்பா நல்லசாமி, தங்கை சிவபாக்கியம். மாப்பிள்ளை கடையைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்டார். சிவபாக்கியம் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. நல்லசாமி வந்ததிலிருந்து மூடவில்லை.

"முழங்கால் ரெண்டும் போச்சுங்க. ஜமுக்காளத்தை வெரசா விரிங்க."

ஜமுக்காளம் விரித்தார்கள். நல்லசாமி பாதி உட்கார்ந்துவிட்டார். அதற்குள் திருமலைச்சாமி முந்திக்கொண்டு, விரதக் கதையை மூக்கும் முழியும் வைத்துச் சொல்லி முடித்தார்.

கந்தவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முருகன் காலடியிலேயே பிழைப்பு நடத்துகிற குடும்பம். "மகளுக்காக இப்பிடி ஒரு விரதமா! நீங்க சாமிக்காக நிக்கையில நாங்க உட்காருறது அடுக்குமா? சித்தப்பா, எந்திரிங்க."

"என்னடா சொல்ற?"

"எந்திரிங்கங்கிறேன்."

நல்லசாமி பாதியிலேயே எழுந்தார். ஊர்க்காரர்களும் எழுந்தார்கள்.

"ஐயய்யோ, நீங்க உட்காருங்க! எனக்காகப் பாக்காதீங்க," என்று சேனாதிபதி கெஞ்சக் கெஞ்ச, "பெருந்தன்மையைப் பாத்தீங்களா?" என்று கந்தவேல் இன்னும் விறைப்பாக நின்றார்.

பேச்சு முழுக்க நின்றபடியே நடந்தது. சாப்பாடும் அப்படித்தான். இலையைத் தரையில் போட்டால் உட்கார வேண்டி வரும், அதனால் ஆளுக்கொரு இலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்கள். சோறு வரைக்கும் சமாளித்தார்கள். ரசம் ஊற்றிய கண்மணியைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்டார்கள், ஊற்றினாள். நல்லசாமியின் முழங்கை வழியாக அது வேட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

"போதும்டா கந்தவேலு!" என்று இலையைத் தூக்கி எறிந்தார் நல்லசாமி. "வந்த விருந்தாளியை நிக்க வச்சுச் சோறு போடுற வீட்டுல பொண்ணு எடுக்கணும்னு நமக்கென்ன தலையெழுத்து? ஜீப்பை எடுக்கச் சொல்லு."

சேனாதிபதி உள்ளே திரும்பிப் பார்த்தார். அடுப்படிக் கதவோரம் சந்தனக் கலர் புடவையில் வடிவு நின்றிருந்தாள். மூணாவது தடவையாகக் கட்டுகிற புடவை. கண் கலங்கி, அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பெரியவரே, கோவிச்சுக்காதீங்க! இந்தா, உட்காந்துட்டேன்!" என்று சேனாதிபதி சுவரைப் பிடித்துக்கொண்டு ஜமுக்காளத்தில் இறங்கினார். தரையைத் தொட்டதும் "முருகா!" என்று ஒரு கூப்பாடு போட்டு, இறங்கினதை விட வேகமாக மேலே வந்தார். அந்தக் கூப்பாட்டுக்குக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்துபோயின.



"பாத்தீங்களா?" என்றார் கந்தவேல், முகமெல்லாம் வெளுத்து. "விரதத்தை முறிச்சதும் முருகன் பளிச்சுனு காட்டிட்டான். சித்தப்பா, உங்களாலதான்! இப்ப இதுக்குப் பரிகாரம் பண்ணாம தட்டு மாத்துனா ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாது."

நல்லசாமிக்கே பயம் வந்துவிட்டது. "என்ன பரிகாரம்?"

"அங்கப்பிரதட்சணம். நாளைக்குக் காலையில மலைக்கோயில்ல ஈர வேட்டியோட ஒரு சுத்து உருண்டு வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும். என்ன சொல்றீங்க சம்பந்தி?"

சேனாதிபதி கண்ணை மூடினார். கருங்கல் தளம் தெரிந்தது. அதில் தாம் உருள்வது தெரிந்தது. டாக்டர் போட்ட தையல் ஒவ்வொன்றாகத் தெறிப்பது தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் ஜீப் கிளம்பிவிடும். கண்ணைத் திறந்து வடிவைப் பார்த்தார். பிள்ளை இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, வேண்டாங்க!" என்று கண்மணி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"சும்மா இருடி," என்றார் சேனாதிபதி. "உருளுறேன் சம்பந்தி. எம் மகளுக்காக ஒரு சுத்து என்ன, மூணு சுத்து உருளுறேன்."

அதுவரைக்கும் வாயைத் திறக்காத சிவபாக்கியம் ரசம் சொட்டும் இலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"உருளவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், தையல் பிரிஞ்சுரும்! ஆபரேசன் முடிஞ்சு மயக்கம் தெளியாமக் கெடக்கையில, ஆஸ்பத்திரி ஆயா கையைப் புடிச்சுக்கிட்டு, 'எம் மக வடிவுக்கு ஒரு நல்ல எடம் பாத்துக் குடு தாயி, வேணும்னா இன்னும் கொஞ்சம் வெட்டிக்க'ன்னு அழுதீங்களே சம்பந்தி, குப்புறக் கெடந்ததுல உங்களுக்கு எம் மொகம் தெரியல, அந்த ஆயா நாந்தான், அதைக் கேட்டுட்டுத்தான் எங்கண்ணனை உங்களுக்குக் கடுதாசி போட வச்சேன்!"