ரெண்டு ஹவில்தாரும் ஒத்தை உத்தரவும்

அன்னைக்கு முதலாளி எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. "தீயணைப்பு ஒத்திகைக்கு யாரு உத்தரவு போடணும்னு முடிவு பண்ணி வையும், கணக்கப்பிள்ளை."

நயா பைசா வந்த புதுசு. சிவகாசியில எங்க பட்டாசு கம்பெனிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் வாராரு. ஒத்திகை சொதப்புனா கம்பெனிக்குப் பூட்டு. தீவாளி சீசன் அம்போ!

காவலுக்கு ரெண்டு பேரு, கந்தசாமியும் வேலுவும். ரெண்டு பேருமே பட்டாளத்துல இருந்து வந்த ஹவில்தாருக. ஒருத்தர் போதாதான்னு கேப்பீக. ரெண்டு பேரா வச்சா கம்பெனிக்குக் கெத்துன்னு யோசனை சொன்ன மேதை நான்தான்.

"அண்ணாச்சி, உங்கள்ல யாரு பெரியவுக?"ன்னேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரே ரேங்குன்னா, முதல்ல ஹவில்தாருக்கான மூணாவது பட்டை வாங்குனவன்தான் சீனியர்"ன்னாரு கந்தசாமி.

"யாரு முதல்ல வாங்குனீக?"

"ரெண்டு பேரும் ஒரே நாள்!"

"அப்ப முதல்ல பட்டாளத்துல சேந்தவன்"ன்னாரு வேலு. அதுவும் ஒரே நாளாம். ஒரே வரிசையாம்!

"வரிசையில நான்தான்யா முன்னால நின்னேன்"ன்னாரு கந்தசாமி.

"நின்னீரு. நடுவுல ஒண்ணுக்குப் போனீருல்ல? அப்ப முன்னால நின்னது யாரு?"

"நான் துப்பாக்கி தூக்குனவன். நீரு ரேஷன் வண்டி ஓட்டுனவரு. வண்டிக்காரன் சொல்லி நான் சுடணுமோ?"

"வண்டி வரலேன்னா என்னத்தைத் தின்னுட்டுச் சுட்டிருப்பீரு?"

தலை கிறுகிறுத்துப் போயி தீர்ப்பு சொன்னேன். "ரெண்டு பேரும் சேந்தே போடுங்க உத்தரவை." என் மூளையே மூளை!

இன்ஸ்பெக்டர் வந்தாரு. கம்பெனிக்கு வெளிய பொட்டல்ல வைக்கோலைக் கொளுத்துனோம். ஆளுக வாளியோட விறைப்பா நிக்காக. உத்தரவு இல்லாம ஒரு சொட்டு சிந்தப்படாதுன்னு ஹவில்தாருக பழக்கின பழக்கம்.

காத்து திரும்புச்சு. தீ எங்க பட்டாசுக் கொட்டகைப் பக்கமா சாஞ்சுச்சு.

கந்தசாமி வேலுவைப் பாத்தாரு. "அண்ணாச்சி, நீங்கதானே சீனியர். போடுங்க."

"சேச்சே! துப்பாக்கி தூக்குனவுக நீங்க இருக்கையில நான் வாயைத் தொறக்கலாமா?"

அடப்பாவிகளா! இம்புட்டு மரியாதையை இத்தனை நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீக?

தீக்கு முன்னால ஓடிப்போயி நின்னு, "ஊத்துங்கலே!"ன்னு கத்துனேன்.

ஊத்துனாக. அம்புட்டும் என் மேல! சிதறுன மிச்சத்துல தீ அணைஞ்சுச்சு.

"உத்தரவு போட்டது யாரு?"ன்னாரு இன்ஸ்பெக்டர்.

ரெண்டு ஹவில்தாரும் முதல் தடவையா ஒத்துமையா சல்யூட் அடிச்சு என்னையக் காட்டுனாக. "இவுகதான் சார்!"

லைசென்ஸ் கிடைச்சுச்சு. தீயணைப்புக்கு இனிமே நான்தான் தலைவரா இருக்கணும்ங்கிற நிபந்தனையோட.

பட்டாளத்துச் சட்டம் எனக்கு இன்னமும் பிடிபடலை. எங்க கம்பெனிச் சட்டம் மட்டும் நல்லாத் தெரியும்: முதல்ல நனைஞ்சவன்தான் சீனியர்.